உறுதி கேட்கும் வீடு

கேள்வி: என் மகன் பாரதிபுரத்தைச் சேர்ந்த முன்பள்ளி ஆசிரியை ஒருவரை மணக்க விரும்புகிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவர்கள் 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து வந்தவர்கள். இருக்கும் காணிக்கு உரிமைப் பத்திரமான உறுதிகூட இல்லை. நாங்கள், அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பெர்மிட்டில் பெற்ற வயலைச் செய்து வாழ்கிறவர்கள். சனம் என்ன சொல்லும்?
- ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: சகோதரி, சனத்தை விடுங்கள். "உறுதிகூட இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான இவர்களிடம் கேட்டதும் இதைப் போன்ற ஒரு பத்திரத்தைத்தான். தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்கு, அத்தாட்சி காட்டச் சொன்னது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து கொழுந்து பறித்தே மாண்டவர்களின் பிள்ளைகள் எந்தப் பத்திரத்தைக் காட்டியிருப்பார்கள்? அது இல்லையென்றே நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இவர்களை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, மிகுதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். பிறகு கலவரம் துரத்த, தமிழரிடம் போனால் பிழைக்கலாம் என்று நம்பி வன்னிக்கு வந்தவர்களை, காடு வெட்டவும் களை பிடுங்கவும் கூலிக்கு வைத்துக்கொண்ட நாம், இன்று அவர்களுடைய மகளிடம் உறுதி கேட்கிறோம்.

உங்கள் தகப்பனார் பெற்றதும் உறுதிக் காணி அன்று. அது அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அவரும் குடியேற வந்தவரே. அவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க ஓர் அரசு இருந்தது, இவர்களுக்கு இருக்கவில்லை என்பதைத் தவிர, இரு வீட்டுக்கும் இடையே நான் வேறொரு வேறுபாட்டையும் காணவில்லை. அரச அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் நம்மை இரண்டாந்தரக் குடிகளாக்குகிறார்களே என்று கொதிக்கிற நாம், மலையகத்தவரை இழிக்கும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை நம் வீடுகளுக்குள் வைத்திருப்பது வெட்கக்கேடு.

பிள்ளையின் கலியாணத்தை முன்னின்று நடத்துவது பெற்றவளின் கடமை. மகன் தனியே போய்ப் பதிவெழுதும் நிலைக்கு அவனைத் தள்ளாதீர்கள். நீங்களே உறவினரோடு வெற்றிலைத் தட்டம் கொண்டு பாரதிபுரத்துக்குப் போய், அந்த வீட்டு விறாந்தையில் இருந்து, அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டுப் பெண் கேளுங்கள். கலியாணம் முடிந்த கையோடு, அந்தக் காணிப் பத்திரத்துக்காகச் சம்பந்தி பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள்.