க்ளெமாட்டிஸ் கொடி ஒரே இரவில் வாடிவிட்டது, பிடுங்கிவிடலாமா?

கேள்வி: வேலியோரமாக மூன்று க்ளெமாட்டிஸ் கொடிகள் வைத்து இது மூன்றாவது வருஷம். ஜாக்மனி, நெல்லி மோசர், மோன்டானா என்று கன்றோடு வந்த சீட்டில் எழுதியிருந்தது. குளிர்காலம் முடிகிற சமயத்தில் மூன்றையும் தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டிவிடுகிறேன். ஜாக்மனி கோடையில் வேலியே தெரியாமல் பூக்கிறது. நெல்லி மோசர் தாமதமாகக் கொஞ்சம் பூக்கிறது. மோன்டானா இதுவரை ஒரு பூகூட வைக்கவில்லை, கொடி மட்டும் காடாக ஓடுகிறது. இந்த வருஷம் நெல்லி மோசர் மொட்டு பெருத்து விரியப் போகிற நேரத்தில், சாயங்காலம் நன்றாக இருந்த கொடி காலையில் தலை தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. இலைகள் கருத்துக் காய்கின்றன. வேரோடு பிடுங்கிவிட்டு அதே குழியில் வேறு கன்று வைக்கலாமா? மோன்டானா பூக்க என்ன உரம் போடவேண்டும்?

பதில்: பிடுங்காதீர்கள் ஐயா. மேலே தொங்கிக் கிடப்பதைப் பார்த்துக் கொடியே போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். க்ளெமாட்டிஸ் தண்டு முழுக்கக் கருகிப்போனாலும் மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டில் கண்கள் உயிரோடு இருக்கும். அவை சில வாரங்களில் முளைக்கலாம். அந்த வருஷம் சும்மா இருந்துவிட்டு அடுத்த வசந்தத்தில் முளைப்பதும் உண்டு. அந்தப் பொறுமை இல்லாமல் தோண்டி எறியப்படுகிற நல்ல வேர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் வாடல் நோய்தான். கலோஃபோமா கிளெமாட்டிடினா என்ற பூஞ்சணம் இதை உண்டாக்குகிறது. நெல்லி மோசர் மாதிரிப் பெரிய பூ ரகங்களை அதிகம் தாக்கும், அதுவும் மொட்டு திரண்டு நிற்கிற சமயத்தில்தான் கொடி சட்டென்று சாயும். பூஞ்சணம் முதலில் இலையில் புள்ளியாக விழுகிறது. அங்கிருந்து காம்பு வழியாகக் கணுவுக்கு வருகிறது. கணுவில் தண்டைச் சுற்றி அரித்துவிட்டால் அதற்கு மேலே நீர் ஏறாது. நோய் நமக்குத் தெரியாமல் சில நாள் உள்ளே வேலை பார்த்திருக்கும், நம் கண்ணுக்குத்தான் ஒரே இரவில் நடந்ததுபோலத் தெரிகிறது.

ஆனால் வாடினதெல்லாம் பூஞ்சணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து, வாடிய தண்டை நுனியிலிருந்து கீழே வரை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். ஒரு கணுவில் கருப்பாக வளையம் போட்டதுபோல இருக்கும். இலைக்காம்பு இலையோடு சேருகிற இடமும் கருத்திருக்கும். அந்தக் கணுவை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே கரும்பழுப்பாகவும், அதற்குக் கீழே உள்ள கணுவிடை வெளுத்த பச்சையாகவும் இருந்தால் பூஞ்சணம்தான். கருப்பே இல்லாமல், தரையை ஒட்டித் தண்டின் தோல் சுரண்டியதுபோல இருந்தால் அது நத்தையின் வேலை. எங்காவது மடிந்து நார் தெரிந்தால் காற்றில் ஒடிந்தது. க்ளெமாட்டிஸின் இளந்தண்டு கண்ணாடி மாதிரி, வளைத்தால் முறியும். எல்லாத் தண்டும் ஒருசேரத் தொங்கி, விரல் ஆழத்துக்கு மண் தூளாக இருந்தால் வெறும் தாகம், தண்ணீருக்கு எழுந்துவிடும். உங்கள் கொடி தண்ணீருக்கு எழவில்லை, இலையும் கருக்கிறது. அதனால் பூஞ்சணம் என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

கருப்பு தெரிகிற இடத்துக்குக் கீழே, உள்ளே சுத்தமாக இருக்கிற பகுதி வரை வெட்டுங்கள். பல சமயம் தரைமட்டம் வரை போகவேண்டி வரும், தயங்க வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டிய தண்டு, உதிர்ந்த இலை, விழுந்த மொட்டு எல்லாவற்றையும் பொறுக்கித் தோட்டத்தை விட்டே அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட்டால் பூஞ்சணம் அங்கேயே தங்கிவிடும். மருந்து அடித்து வாடிய தண்டை எழுப்ப முடியாது, ஆகவே அதில் காசு போடாதீர்கள். வெட்டின பிறகு அடிமண் ஈரமாக இருந்தால் போதும். மேலே இலையே இல்லாத கொடிக்குக் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகும்.

கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். இதன் சாறு சிலருக்குத் தோலில் எரிச்சலும் கொப்புளமும் உண்டாக்கும். வெட்டிய கொடியை ஆடு மாடு பக்கமும் போடக் கூடாது, அவற்றுக்கும் ஆகாது.

இனி மோன்டானா. அதற்கு உரம் ஒன்றும் வேண்டாம். நீங்கள் கத்தரியை எடுக்காமல் இருந்தாலே பூக்கும்.

மூன்று கொடிக்கும் ஒரே வெட்டு கொடுத்ததுதான் உங்கள் வேலியில் நடக்கும் அத்தனைக்கும் காரணம், வாடல் ஒன்றைத் தவிர. க்ளெமாட்டிஸில் ஏறத்தாழ 300 இனங்கள் இருக்கின்றன, ரகங்களோ இன்னும் எத்தனையோ மடங்கு. ஆனால் கவாத்து செய்கிறவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பூ எந்தத் தண்டில் வருகிறது, போன வருஷத்துத் தண்டிலா, இந்த வருஷத்துத் தளிரிலா?

மோன்டானா வசந்தத்தில் பூக்கிற கொடி. போன கோடையில் ஓடி முற்றிய தண்டிலேயே அதன் மொட்டுகள் உருவாகிவிடுகின்றன. குளிர்காலக் கடைசியில் நீங்கள் வெட்டும்போது, அந்த வருஷத்துப் பூ முழுவதும் கத்தரியோடு போய்விடுகிறது. கொடியும் விடாமல் புதுத் தண்டு விடுகிறது, அதையும் அடுத்த வருஷம் எடுத்துவிடுகிறீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற தண்டுகளைத் தொடாமல் வேலியில் பரப்பிக் கட்டுங்கள், வரும் வசந்தத்தில் அவற்றில் பூ பார்ப்பீர்கள். இடம் போதாமல் வெட்டவேண்டி வந்தால் பூ முடிந்த உடனே வெட்டுங்கள். அதற்கப்புறம் விடுகிற தளிர் முற்றுவதற்கு ஒரு முழுக் கோடை கிடைக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இது 8 மீட்டருக்கு மேலும் போகக்கூடிய கொடி. சின்ன வேலியில் வைத்துவிட்டு வருஷாவருஷம் அதோடு மல்லுக்கட்டுவதைவிட, பெரிய மரத்திலோ கொட்டகைக் கூரையிலோ ஏற்றிவிடுவது நல்லது. பல வருஷம் விட்டு அடித்தண்டு கட்டையாகிப் போனால், அந்தக் கட்டையில் வெட்டினால் துளிர்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆல்பினா, மாக்ரோபெடலா, ஆர்மாண்டி ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஜாக்மனி நேர்மாறு. இந்த வருஷத்துத் தளிரின் நுனியில்தான் பூ வைக்கும். அதனால் நீங்கள் கொடுக்கும் வெட்டு இதற்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. குளிர்காலக் கடைசியில், கண்கள் பருக்க ஆரம்பிக்கும்போது, தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு, பருத்த ஒரு ஜோடிக் கண்ணுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் செத்துப்போய்விடாது, ஆனால் அடியெல்லாம் மொட்டையாகி, பூ முழுக்க எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இங்கிலாந்தின் வோக்கிங் ஊரில் ஜாக்மன் குடும்பத்து நாற்றங்காலில் உருவாகி 1862ஆம் ஆண்டு முதலில் பூத்த ரகம் இது. இன்றுவரை இதை மிஞ்சிப் பூக்கிற ஊதா ரகம் அதிகமில்லை என்பது என் கருத்து. விட்டிசெல்லா வகைகளும், டெக்ஸென்சிஸ் வகைகளும், மஞ்சள் பூ டங்குட்டிகாவும் இந்தக் கட்சிதான்.

நெல்லி மோசர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, தப்பு அதிகம் நடப்பதும் இங்கேதான். முதல் பூ போன வருஷத்துத் தண்டிலிருந்து கிளம்பும் குட்டைக் கிளைகளில், வசந்தக் கடைசியில் வரும். கோடைக் கடைசியில் புதுத் தளிரில் இன்னொரு தடவை கொஞ்சம் பூக்கும். நீங்கள் ஒரு அடியில் வெட்டியதால் முதல் பூப்பு முழுக்கப் போய், புதுத் தளிரில் தாமதமாக வருவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதற்கு வெட்டு மேலிருந்து தொடங்கவேண்டும். குளிர்காலக் கடைசியில் ஒவ்வொரு தண்டாகப் பிடித்து, நுனியிலிருந்து கீழே வாருங்கள். முதலில் காய்ந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும் பகுதி வரும், அப்புறம் சூம்பிய கண்கள் வரும், அதற்கும் கீழே எதிரெதிராகக் கொழுகொழுவென்று ஒரு ஜோடிக் கண் தென்படும். அதற்கு மேலே வெட்டிவிட்டு அடுத்த தண்டுக்குப் போங்கள். பொறுமையான வேலைதான், அவசரமாக இழுத்தால் கண்களே உதிர்ந்துவிடும். அடி மொட்டையாகிவிட்ட பழைய கொடி என்றால் வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்குத் தண்டைத் தாழ வெட்டிப் புதுப்பித்துக்கொண்டு வரலாம். முதல் பூப்பு முடிந்ததும் வாடிய பூக்களை அடுத்த நல்ல கண் வரை கத்தரித்தால் இரண்டாவது பூப்பு கொஞ்சம் தாராளமாக வரும். இன்னொன்று, நெல்லி மோசர் கடுவெயிலில் சீக்கிரம் வெளுத்துப்போகும். காலை வெயில் பட்டு மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற இடம் அதற்கு உகந்தது.

சீட்டு தொலைந்துபோன கொடி ஏதாவது வைத்திருந்தால் ஒரு வருஷம் வெட்டாமல் விட்டு, எப்போது பூக்கிறது, முற்றிய தண்டை ஒட்டியா, நீண்ட பச்சைத் தளிரின் நுனியிலா என்று பார்த்துக் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பு போதும்.

அதே குழியில் வேறு கன்று வைப்பது பற்றிக் கேட்டீர்கள். அடுத்த கோடை வரை காத்திருந்தும் முளை வரவில்லை என்றால்தான் அந்தப் பேச்சு. அப்போதும் பெரிய பூ ரகத்தை அதே மண்ணில் வைக்காதீர்கள், குழி மண்ணை அள்ளி மாற்றுங்கள். இல்லையென்றால் விட்டிசெல்லா வகையில் ஒன்றை வையுங்கள். எத்வால் வியொலெத், மதாம் ஜூலியா கொரெவோன் இரண்டும் கைவிடாத ரகங்கள். பூ சற்றுச் சின்னது, ஆனால் வாடல் இவற்றை அபூர்வமாகத்தான் தொடும், கவாத்தும் ஜாக்மனிக்குச் செய்வதேதான்.

நடும்போது குழி அரை மீட்டர் அகலம், அதே அளவு ஆழம் இருக்கட்டும். சுவரோரம் என்றால் சுவரிலிருந்து குறைந்தது 45 செ.மீ. தள்ளித் தோண்டுங்கள், சுவரை ஒட்டிய மண்ணில் மழையே விழாது. நன்றாக மக்கிய தொழு உரத்தைக் குழி மண்ணோடு கலந்து, கன்றைத் தொட்டியோடு வாளித் தண்ணீரில் ஊறவைத்த பிறகு நடுங்கள். பெரிய பூ ரகங்களைத் தொட்டியில் இருந்த மட்டத்தைவிட 5 முதல் 8 செ.மீ. ஆழமாக இறக்கவேண்டும். மற்றக் கொடிகளில் தண்டை இப்படிப் புதைக்கப் பயப்படுவோம், இங்கே அதுதான் காப்பு. மண்ணுக்குள் போன கணுக்களிலிருந்துதான் வாடல் வந்த பிறகு முளை கிளம்பும். அடித்தண்டு இன்னும் பச்சையாகவே இருந்தால் ஒரேயடியாக மூடாமல், முற்ற முற்றக் கொஞ்சம் கொஞ்சமாக மண் அணையுங்கள். மோன்டானா மாதிரி வகைகளுக்கு இந்த ஆழம் தேவையில்லை. எதுவானாலும் தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது.

வேர் குளுமையில் இருக்கவேண்டும், தலை வெயிலில் இருக்கவேண்டும். மூடாக்குப் போடுங்கள், அல்லது வேர் பரவாத குட்டைச் செடி ஏதாவது முன்னால் வையுங்கள், தட்டைக் கல் இரண்டு பரப்பினாலும் சரி. மழையில்லாமல் மண் காயும் நாட்களில் தினம் தெளிப்பதைவிட வாரம் ஒன்றிரண்டு தடவை ஒரு வாளி நிறைய, வேர் ஆழம் வரை இறங்கும்படி ஊற்றுங்கள். உரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்துச் சாம்பல்சத்து (பொட்டாஷ்) கூடியதாகப் பார்த்து வசந்தத் தொடக்கத்தில் கொடுங்கள், மொட்டு விரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம்.

க்ளெமாட்டிஸ் தன் இலைக்காம்பால் சுற்றிப் பிடித்துத்தான் ஏறுகிறது, மல்லிகைபோலத் தண்டாலேயே சுற்றாது. பென்சிலைவிடத் தடிமனான எதையும் அந்தக் காம்பால் பிடிக்க முடியாது. உங்கள் வேலிக் கட்டைகளில் நேராக ஏறாமல் அது குவிந்து கிடந்தால் காரணம் இதுதான். மெல்லிய கம்பியோ வலையோ அடித்துக்கொடுங்கள். தண்டை நெட்டுக்குத்தாக விடாமல் விசிறியாகப் பரப்பிக் கட்டினால் பூ அடியிலிருந்தே வரும். புதுக் கன்றை, அது எந்த வகையானாலும், ஆர்மாண்டி போன்ற பசுமை மாறாத வகைகள் தவிர, முதல் குளிர்காலம் முடியும்போது ஒரு தடவை 30 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். ஒற்றைத் தண்டாக ஓடுவது நின்று அடியில் நாலைந்து தண்டு கிளம்பும். வாடல் ஒரு தண்டைத் தாக்கினாலும் மற்றவை நிற்கும்.

நெல்லி மோசர் திரும்ப முளைத்து ஒரு வருஷம் ஓடிய பிறகு, ஒரு தண்டைத் தரைக்கு வளைத்து, ஒரு கணுவை ஈரமண்ணில் புதைத்து, கம்பிக் கொக்கி குத்திப் பதியன் போட்டுவையுங்கள். வேர்விட ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். வேர் பிடித்ததும் தாய்க்கொடியிலிருந்து வெட்டி, வாடல் வந்த இடத்துக்கு எட்டாத வேறு மூலையில் நட்டுவிடுங்கள்.