தேன்சிட்டும் தொட்டாற்சிணுங்கியும்: கேள்வி பதில்

தெம்பனிஸ் வாசகி: அக்கா, எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி) தாழ்வாரத்துப் பூச்சட்டிச் செடியில் தேன்சிட்டு கூடு கட்டி முட்டையிட்டிருக்கிறது. கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. புல்லும் நாரும் சிலந்தி நூலும் சேர்த்துப் பின்னிய அந்தத் தொங்கு பைக்குள் அடைகாப்பது பெண் சிட்டு மட்டும்தான். அது பயந்து பறந்தால் முட்டைச் சூடு குறையும். வீட்டு ஜன்னல் வழியாக எடுங்கள்.

யீஷூன் வாசகர்: என் மகன் திடலில் தொட்டாற்சிணுங்கியைக் கண்டால் விடமாட்டான். தொட்டுத் தொட்டு மூட வைப்பான். செடிக்கு வலிக்குமா?

பதில்: மூளையும் நரம்பும் இல்லாததால் நாம் அறிந்த வலி அதற்கு இல்லை. ஆனால் இழப்பு உண்டு. தொட்டதும் இலைக்குள் மின்சமிக்ஞை ஓடுகிறது. காம்படியில் உள்ள சிறு புடைப்பின் உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, நீரும் பின்னாலேயே போய்விடும். விறைப்பு தளர்ந்து இலை மடியும். மறுபடி விரியச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை வெயிலைப் பிடித்து உணவு தயாரிப்பது குறைகிறது. சிட்டு முட்டையை விட்டுப் பறப்பதும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. தப்பிக்க எடுக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டுமே விலை கொடுக்கின்றன. மகன் ஒருமுறை தொட்டு ரசிக்கட்டும், பிறகு அது திரும்ப விரிவதைப் பொறுமையாகப் பார்க்கட்டும். அதுதான் இன்னும் அழகு!

உட்லண்ட்ஸ் வாசகர்: பறவை ஆளைப் பழகிக்கொள்ளும். செடி?

பதில்: 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வாளர் மோனிக்கா காலியானோ குழுவினர் தொட்டாற்சிணுங்கியைச் சட்டியோடு சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். கெடுதல் இல்லை என்றானதும் இலைகள் மூடுவதை நிறுத்தின. சில வாரங்கள் கழித்தும் அப்படியே இருந்தன. இதைக் 'கற்றல்' என்று சொல்லலாமா என்று அறிவியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தாழ்வாரச் சிட்டும் தினம் கதவு திறக்கும் வீட்டாரைப் பொருட்படுத்தாது. புதிதாக யாராவது கை நீட்டினால்தான் பறக்கும்.

சுவா சூ காங் வாசகி: தேன்சிட்டு தொட்டாற்சிணுங்கியின் இளஞ்சிவப்புப் பூவில் தேன் குடிக்குமா?

பதில்: நான் பார்த்ததில்லை. அது தேனீயையும் காற்றையும் நம்பும் பூ. சிட்டைச் செம்பருத்தியிலும் வெட்சியிலும் தேடுங்கள். குஞ்சுகளுக்குப் பூச்சி, சிலந்தி பிடித்துப் போகும்.

செங்காங் வாசகர்: இரண்டும் நம்மூருடையவைதானா?

பதில்: சிட்டு இந்த வட்டாரத்துப் பறவை. செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது.

தெம்பனிஸ் வாசகி: கூடு இருக்கும் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றலாமா அக்கா?

பதில்: தாய் இரை தேடப் போன நேரத்தில், மெதுவாக, அடிமண்ணில் ஊற்றுங்கள். சட்டியை மட்டும் நகர்த்தாதீர்கள்.