விளையாட்டுத் தளத்துக்கு எந்த சிஎம்எஸ்? கேள்வி பதில்

விளையாட்டு கிளப்புகளுக்கும் லீக் நடத்துபவர்களுக்கும் தளம் அமைத்துக் கொடுப்பதும் அதைப் பராமரிப்பதும் என் தொழில். தளத்தின் பக்கங்களை நிரல் எழுதாமலே ஏற்றவும் திருத்தவும் உதவும் மென்பொருள்தான் சிஎம்எஸ். கட்டற்ற சிஎம்எஸ்களில் எதை எடுப்பது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கால்பந்து லீக் செயலாளர், திண்டுக்கல்): சார், எங்கள் லீக்கில் 14 அணிகள். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: மூன்றுமே நல்லவைதான். ட்ரூபல் 2001லும் வேர்ட்பிரஸ் 2003லும் ஜூம்லா 2005லும் வந்தன. மூன்றும் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டவை, மூன்றும் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை. நாளைக்கே காணாமல் போய்விடுமோ என்ற பயம் எதற்கும் வேண்டாம்.

ஆனால் மென்பொருளில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து உங்கள் லீக்கில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: அணி, வீரர், ஆட்டம், மைதானம், நடுவர், சீசன். பிறகு எது எதோடு சேர்கிறது என்று கோடு போடுங்கள். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணி, ஒரு மைதானம். ஒரு அணிக்குப் பல வீரர்கள். இதுவரை எல்லோரும் சரியாகப் போடுவார்கள். சறுக்குவது சீசனில்தான். ஒரு வீரர் போன வருடம் ஒரு அணிக்கு ஆடினார், இந்த வருடம் வேறு அணி. வீரர் பக்கத்தில் ‘அணி’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்து, அதை மாற்றி எழுதினால், போன வருடம் அவர் அடித்த கோல்கள் எல்லாம் புது அணியின் கணக்கில் போய் நிற்கும். வீரருக்கும் அணிக்கும் நடுவே சீசன் இருக்க வேண்டும். இதை முதல் நாளே முடிவு செய்யாத தளம் இரண்டாவது சீசனில் உடையும்.

அடுத்த கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் முடிந்து, இரவு ஒன்பது மணிக்கு முடிவுகளை ஏற்றப்போவது யார்? உங்கள் லீக்கில் அது நீங்களோ ஒரு தன்னார்வலரோ தான். கையில் இருப்பது போன். அப்படியென்றால் வேர்ட்பிரஸ், அதன்மேல் ஸ்போர்ட்ஸ்பிரஸ் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்). அதில் லீக், சீசன் இரண்டும் தனித்தனிப் பகுப்பாகவே வருகின்றன. அணி, வீரர், ஆட்டம், அட்டவணை, புள்ளிப் பட்டியல் எல்லாம் தயாராக இருக்கின்றன. எக்செல்லில் உள்ள வீரர் பட்டியலை சிஎஸ்வி என்ற எளிய கோப்பாகச் சேமித்து ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். ஸ்கோரைப் போட்டால் பட்டியல் தானாக மாறும். 14 அணி லீக்குக்கு இலவசப் பதிப்பே தாராளம்.

கேள்வி (கபடிக் குழு, ஒட்டன்சத்திரம்): அண்ணா, கபடிக்கு இது சரிப்படுமா? எங்கள் போட்டியில் வெற்றிக்கு 5, சமன் என்றால் 3, ஏழு புள்ளிக்குள் தோற்றால் 1.

பதில்: சரிப்படும். புரோ கபடி லீக் பல சீசன்களாக வைத்திருந்த முறை இது. ஸ்போர்ட்ஸ்பிரஸில் ‘வெற்றி’, ‘சமன்’, ‘தோல்வி’ என்று முடிவு வகைகள் இருக்கும். அதோடு ‘குறுகிய தோல்வி’ என்று ஒன்றை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கான சூத்திரத்தில் வெற்றியை 5ஆல் பெருக்கி, சமனை 3ஆல் பெருக்கி, குறுகிய தோல்வியைக் கூட்டிவிட்டால் முடிந்தது. ஏழு புள்ளிக்குள் தோற்ற ஆட்டங்களில் மட்டும் அந்த வகையைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை மறந்தால் ஒரு புள்ளி குறையும், அந்த அணி சும்மா விடாது. முடிவை ஏற்றுபவருக்கு இதை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

கைப்பந்து நடத்துபவர்களும் இதே வழியில் போகலாம். 3-0, 3-1 வெற்றிக்கு 3 புள்ளி, 3-2 வெற்றிக்கு 2, 2-3 தோல்விக்கு 1, மற்ற தோல்விக்கு 0 என்று நான்கு வகை முடிவுகள் வைத்தால் போதும்.

கேள்வி (டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடத்துபவர், சேலம்): நெட் ரன் ரேட் தப்பாக வருகிறது சார். 15.3 ஓவர் என்று சரியாகத்தான் போடுகிறோம்.

பதில்: இந்தத் தொல்லை கிரிக்கெட் தளங்களில் அடிக்கடி வரும். ஓவருக்கு அணி எடுத்த ரன்னில் இருந்து, ஓவருக்கு விட்டுக்கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவதுதான் நெட் ரன் ரேட். 15.3 என்றால் 15 ஓவரும் 3 பந்தும். ஒரு ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே கணக்கில் அது 15.5. கணினிக்கு இது தெரியாது, பத்தின் பகுதியாக எடுத்து வகுத்துவிடும். இரண்டாவது விதி ஒன்றும் உண்டு. அணி ஆல் அவுட் ஆனால், அவர்கள் உண்மையில் ஆடிய ஓவரை விட்டுவிட்டு முழு ஒதுக்கீட்டையும் எடுக்க வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 20 ஓவர் ஆட்டம், முதல் அணி 20 ஓவரில் 160. அடுத்த அணி 15.3 ஓவரில் 120க்கு ஆல் அவுட். தளம் 120ஐ 15.3ஆல் வகுத்து 7.84 காட்டும். 15.5ஆல் வகுத்தாலும் 7.74, அதுவும் தப்பு. சரியான கணக்கு 120ஐ 20ஆல் வகுத்தால் வரும் 6.00. முதல் அணிக்கு 8.00 கழித்தல் 6.00, அதாவது +2.00. அரையிறுதிக்கு யார் போவது என்பது இந்த வித்தியாசத்தில் மாறிப்போகும்.

ஓவர் என்ற கட்டமே வேண்டாம். ‘கணக்கில் எடுக்கும் பந்துகள்’ என்று ஒரு கட்டம் வையுங்கள், இந்த ஆட்டத்துக்கு அதில் 20 ஓவரின் 120 பந்து என்று போடுங்கள். ரன்னைப் பந்தால் வகுத்து ஆறால் பெருக்கினால் போதும். பார்ப்பவருக்கு 15.3 என்று காட்ட வேண்டியதை ஆட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பந்துக்குப் பந்து ஸ்கோரை சிஎம்எஸ்ஸில் ஏற்ற முயலாதீர்கள். அதற்கு கிரிக்ஹீரோஸ் போன்ற செயலிகள் இருக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் முடிவு மட்டும் தளத்துக்கு வந்தால் போதும்.

கேள்வி (உதைபந்தாட்டக் கழகம், யாழ்ப்பாணம்): அண்ணா, எங்கட இணையத்தளம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வேணும். வேர்ட்பிரஸ் போதுமா?

பதில்: செய்திகள் மட்டும் என்றால் வேர்ட்பிரஸோடு பாலிலாங் பிளகின் போதும். ஆட்ட முடிவுகளும் மூன்று மொழியில் என்றால் நான் ட்ரூபலைச் சொல்வேன்.

காரணம் இதுதான். பாலிலாங்கில் ஒரு பக்கத்தின் மூன்று மொழி வடிவங்களும் மூன்று தனிப் பதிவுகள். ஜூம்லாவில் பல மொழி வசதி கூடவே வருகிறது, ஆனாலும் அங்கேயும் கட்டுரைகள் தனித்தனியாக இருந்து ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. ஸ்கோரைத் திருத்தினால் மூன்று இடத்தில் திருத்த வேண்டும், ஒன்று விடுபட்டுப்போகும். ட்ரூபலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘இது மொழிபெயர்க்க வேண்டியதா’ என்று தனியாகச் சொல்லலாம். அணியின் பெயரும் செய்தியும் மொழிபெயர்க்கப்படும். 2-1 என்ற ஸ்கோரும் தேதியும் ஒரே இடத்தில் இருந்து மூன்று மொழிக்கும் போகும். ஒரு தடவை திருத்தினால் எங்கும் சரியாகிவிடும்.

இதற்கு விலை உண்டு. பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஹோஸ்டிங்கில் ட்ரூபலை வைத்துச் சமாளிப்பது கஷ்டம். கம்போசர் (பிஎச்பி மென்பொருள் பகுதிகளை நிறுவும் கருவி) தெரிந்த ஒருவர் வேண்டும், அப்டேட்டுகளையும் அவர்தான் பார்க்க வேண்டும். கழகத்தில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால், வேர்ட்பிரஸை எடுத்து, முடிவுகள் பக்கத்தை மட்டும் ஒரே மொழியில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவைகூட அப்டேட் ஆகாத ட்ரூபலைவிட அது நல்லது.

கேள்வி (மாநில அளவிலான சங்கம் ஒன்றின் அலுவலர்): எங்கள் தளம் ட்ரூபல் 7இல் ஓடுகிறது. இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது?

பதில்: 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ட்ரூபல் 7க்கான அதிகாரப்பூர்வ ஆதரவு முடிந்துவிட்டது. இனிமேல் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் ட்ரூபல் குழுவிடமிருந்து திருத்தம் வராது. வீரர்களின் பதிவு விவரங்கள் உள்ள தளம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

7இல் இருந்து 11க்குப் போவது அப்டேட் ஆகாது, குடிபெயர்ப்புதான். உள்ளடக்கத்தை ட்ரூபலின் மைக்ரேட் மாட்யூல்கள் (இடம் மாற்ற உதவும் துணை நிரல்கள்) கொண்டு மாற்றலாம். தளத்தின் தோற்றத்தைத் தரும் ‘தீம்’ கோப்புகளைப் புதிதாக எழுத வேண்டும். பணமும் ஆளும் குறைவு என்றால் பேக்டிராப் என்ற சிஎம்எஸ்ஸைப் பாருங்கள். ட்ரூபல் 7இல் இருந்து கிளைத்து 2015இல் வெளிவந்தது, பழகிய கைக்கு உடனே பிடிபடும், சாதாரண ஹோஸ்டிங்கிலும் ஓடும்.

கேள்வி (விளையாட்டுச் செய்தி எழுதுபவர், மதுரை): தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் இணைய முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது. இது வேர்ட்பிரஸின் கோளாறா?

பதில்: கோளாறு என்று சொல்ல முடியாது, அளவு அப்படி. வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 இடம் ஒதுக்குகிறது. தமிழில் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 9 இடம் எடுக்கும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ‘கபடி’ என்பதற்கே 36 இடம் போய்விடும். 22 குறிக்கு மேல் தாங்காது, மூன்று நான்கு சொல்லில் முடிந்தது. ஒரே மாதிரி ஆரம்பிக்கும் இரண்டு ஆட்டச் செய்திகளின் முகவரி ஒன்றாகிப்போய், இரண்டாவதன் பின்னால் 2 என்று ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் நீளமான குப்பையாகத் தெரியும்.

முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், அணி பெயரும் தேதியும் வருகிற மாதிரி நீங்களே அடித்துவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

தேடலையும் கவனியுங்கள். வேர்ட்பிரஸின் தேடல் அடித்த எழுத்துகள் அப்படியே வரிசையாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். ‘மதுரை’ என்று தேடினால் ‘மதுரையில்’ கிடைக்கும். ‘ஆட்டம்’ என்று தேடினால் ‘ஆட்டத்தில்’ கிடைக்காது. அணி, வீரர், ஊர் பெயர்களைக் குறிச்சொல்லாகப் போட்டுவந்தால், தேடாமல் அதை அழுத்தியே தொடர்புள்ள செய்திகளுக்குப் போகலாம்.

கேள்வி: சந்தா வாங்கி மின்னஞ்சலில் விளையாட்டுக் கட்டுரை அனுப்ப கோஸ்ட் என்ற சிஎம்எஸ் எப்படி?

பதில்: எழுதுவதற்கு அருமையான இடம். ஆனால் சந்தா வசூல் ஸ்ட்ரைப் என்ற பணம் வாங்கும் சேவை வழியாக. இலங்கையில் ஸ்ட்ரைப் கணக்கு கிடைக்காது, இந்தியாவிலும் 2024 முதல் அழைப்பின் பேரில்தான் புதியவர்களைச் சேர்க்கிறார்கள். அது கைகூடாவிட்டால் வேர்ட்பிரஸ், அதன் விற்பனைப் பிளகினான வூகாமர்ஸ், பணம் வாங்க ரேசர்பே என்று போங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அண்ணா, எங்கள் கல்லூரி விளையாட்டு விழாவுக்குத் தளம் வேண்டும். நான்கு நாள்தான். செலவே செய்ய முடியாது.

பதில்: தம்பி, இதற்கு சிஎம்எஸ்ஸே வேண்டாம். ஹியூகோ போன்ற நிலைப்பக்க உருவாக்கியை (பக்கங்களை முன்கூட்டியே தயாரித்துத் தரும் கருவி) எடுத்து, முடிவுகளை ஒரு தரவுக் கோப்பில் வைத்து, கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச இடத்தில் ஏற்றிவிடுங்கள். செலவு இல்லை, ஹேக் செய்ய உள்ளே டேட்டாபேஸும் இல்லை. கோப்பு மாற்றங்களை ஏற்றும் ‘கிட்’ கருவி தெரிந்த இரண்டு பேர் நான்கு நாளும் பொறுப்பில் இருந்தால் போதும்.

கேள்வி: இறுதி ஆட்டத்தன்று தளம் படுத்துவிடுகிறது. பெரிய சர்வர் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் கேஷைப் பாருங்கள், அதாவது ஒரு தடவை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து எல்லோருக்கும் அதையே கொடுப்பது. 3,000 பேர் பத்து நொடிக்கு ஒரு தடவை பக்கத்தைப் புதுப்பித்தால் நொடிக்கு 300 கோரிக்கை. ஒவ்வொன்றுக்கும் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் வேலை செய்தால் எந்தச் சின்ன சர்வரும் படுக்கும். முழுப் பக்கத்தையும் கேஷ் செய்யுங்கள். ஸ்கோரை மட்டும் ஜேசன் என்ற வகையில் ஒரு சிறிய தரவுக் கோப்பில் வைத்து, பக்கம் தானாக 30 நொடிக்கு ஒரு தடவை அதை எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் கோப்பை கிளவுட்ஃப்ளேர் மாதிரி ஒரு சிடிஎன் (பல ஊர்களில் நகல் வைத்துக் கொடுக்கும் சேவை) கொடுக்கட்டும். அப்போது உங்கள் சர்வருக்கு 30 நொடிக்கு ஓரிரு தடவைதான் வேலை. இதற்குப் பிறகும் திணறினால் பெரிய சர்வரைப் பற்றி யோசிக்கலாம். ஆட்டத்தன்று பிளகின் அப்டேட் எதுவும் செய்யாதீர்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களை, உரிமப் பூட்டை உடைத்து ‘நல்டு’ என்று இலவசமாகத் தருகிறார்களே, போடலாமா?

பதில்: கூடாது. அதில் பின்வாசல், அதாவது பிறகு திருட்டுத்தனமாக உள்ளே நுழைய வழி, வைத்தே தருபவர்கள் அதிகம். இலவசத் தீம் வேண்டுமென்றால் வேர்ட்பிரஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

கேள்வி (சிறுவர் பயிற்சி அகாடமி, சென்னை): பிள்ளைகளின் படம், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் வீரர் பக்கத்தில் போட்டிருக்கிறோம். சரிதானே?

பதில்: இன்றைக்கே பிறந்த தேதியையும் பள்ளியையும் எடுத்துவிடுங்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு பத்து வயதுப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறாள், எந்த மாலை எந்த மைதானத்தில் இருப்பாள் என்று ஊருக்கே சொல்லும் பக்கம் ஏன் இருக்க வேண்டும்? பெயரின் முதல் பகுதி, வயதுப் பிரிவு, ஆடும் இடம், இவ்வளவு போதும். ஆதார் நகலைத் தளத்தின் மீடியா பகுதியில் ஏற்றவே கூடாது. முகவரி தெரிந்த யாரும் அதைத் திறக்க முடியும்.

கேள்வி (கால்பந்து கிளப், தூத்துக்குடி): பத்து வருட முடிவுகள் பழைய தளத்தில் கட்டுரைக்குள்ளேயே அட்டவணையாகக் கிடக்கின்றன. புதிய தளத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

பதில்: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். ஒரு எக்செல் தாளில் தேதி, சீசன், சொந்த அணி, எதிரணி, இரண்டு ஸ்கோர், மைதானம் என்று பத்திகள் போடுங்கள். போன சீசனை மட்டும் முதலில் நிரப்பி ஏற்றிப் பாருங்கள். புள்ளிப் பட்டியல் பழைய தளத்தில் இருந்ததோடு ஒத்துப்போகிறதா என்று ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள். ஒத்துவந்த பிறகு ஒவ்வொரு வருடமாகப் பின்னோக்கிப் போங்கள்.

வீரர் பெயர்களில்தான் நேரம் போகும். ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார், ஒரே பெயரில் இரண்டு பேரும் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துவிடுங்கள். பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். பழைய கட்டுரைகளை அழிக்காதீர்கள். புது முகவரிக்கு 301 என்ற நிரந்தரத் திருப்புதல் போட்டுவிட்டால், யாரோ எப்போதோ பகிர்ந்த சுட்டியும் வேலை செய்யும்.