ஆக்டிவ் பேஸ் கிட்டாரை ஃபஸ் பெடலில் போட்டால் ஒலி அறுந்து அறுந்து வருவது ஏன்?

ஒலியை வேண்டுமென்றே முரட்டு உறுமலாக மாற்றும் உங்கள் ஃபஸ் பெடல் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நண்பரின் பழைய பாசிவ் பேஸில் (உள்ளே பேட்டரி இல்லாதது) அதே பெடல் நன்றாக உறுமுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஐந்து தந்தி ஆக்டிவ் பேஸில் (பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் என்ற சின்னப் பெருக்கி உள்ளேயே இருப்பது) மட்டும் நோட்டு ஆரம்பத்தில் வெடிக்கிறது, பாதியிலேயே அறுந்துவிடுகிறது, வால்யூமைக் குறைத்தாலும் கரகரப்பு போகவில்லை, மதிய நேர ரிகர்சலில் இன்னும் மோசம். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு இரண்டு கருவிகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மதிய விஷயம் தனிக் கதை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் வேலூர்க்காரன். இங்கே பேஸ் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் சர்ச் குழுவில் கற்றுக்கொண்டு, அப்புறம் மெல்லிசைக் கச்சேரிக்குப் போனவர்கள். நானும் அந்த வழிதான். இரண்டு இடத்திலும் நீளமான கேபிளைப் போட்டு நேராக மிக்சருக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்பதால் ஆக்டிவ் பேஸ் வசதி. சிக்னல் வலுவாகப் போகும், வழியில் ட்ரெபிள் தேயாது. ஃபஸ்ஸுக்கு வில்லன் அந்த வலுதான்.

முதலில் சின்னச் சந்தேகங்களைத் தீர்த்துவிடுங்கள். உங்கள் பேஸில் ஆக்டிவ், பாசிவ் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் பாசிவில் போட்டு வாசியுங்கள். ஒலி சரியாகிவிட்டால் பாதி விடை கையில். ஸ்விட்ச் இல்லையென்றால் பேட்டரியைப் பாருங்கள். ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி இறங்கிப்போனால் ப்ரீஆம்ப்பே கரகரக்கும், அதை ஃபஸ் பத்து மடங்காக்கிக் காட்டும். பேட்டரியை மாற்றிவிட்டு, பெடல் இல்லாமல் நேராக ஆம்ப்பில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, கேபிள். ஆக்டிவ் பேஸில் இருப்பது ஸ்டீரியோ ஜாக். சாதாரண மோனோ பிளக்கை முழுசாகச் செருகினால்தான் பேட்டரியின் நெகட்டிவ் எர்த்தோடு சேர்ந்து உள்ளே மின்சாரம் ஓடும். ஸ்டீரியோ கேபிளைச் செருகினாலோ, பிளக் கொஞ்சம் வெளியே நின்றாலோ ப்ரீஆம்ப் ஒழுங்காக உயிர்பெறாது. வாசித்து முடித்ததும் பிளக்கை உருவாமல் விட்டால் பேட்டரி வீணாகக் கரைந்துகொண்டே இருப்பதும் இதனால்தான்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒலி அறுகிறது என்றால் காரணம் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு எதிரே நிற்கும் மொத்தத் தடை.

உங்களிடம் இருப்பது ஃபஸ் ஃபேஸ் வகை, இரண்டே இரண்டு ட்ரான்சிஸ்டர். இந்தச் சுற்று இங்கிலாந்தில் 1966-ல் வந்தது. அன்றைக்குக் கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவில் வேறு எதுவும் இருக்காது. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. அதற்கே ஏழெட்டு கிலோ ஓம் மின்தடை இருக்கும், போதாததற்குச் சுருளின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) வேறு. ஆம்ப்போ மற்ற பெடல்களோ உள்வாயிலில் ஐந்து லட்சம், பத்து லட்சம் ஓம் வைத்திருப்பார்கள். ஃபஸ் ஃபேஸில் அது சுமார் பத்தாயிரம் ஓம்தான். அதனால் பிக்அப்பின் கம்பியே அந்தச் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. முதல் ட்ரான்சிஸ்டருக்குள் எவ்வளவு போக வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தக் கம்பிதான்.

ஆக்டிவ் ப்ரீஆம்ப்பின் வெளிவாயிலோ ஓரிரு கிலோ ஓமுக்குள் இருக்கும். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குப் பழகிய குழாயில் மோட்டார் தண்ணீரை நேராக விட்டால் எப்படிப் பீய்ச்சும், அந்த நிலைமை. ட்ரான்சிஸ்டர் திணறுகிறது, நோட்டு வெடித்து அறுகிறது. பாசிவ் கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் சிக்னல் குறைவதோடு வழியில் தடையும் கூடும். ஃபஸ் ஃபேஸில் அப்போதுதான் அந்த மணி போன்ற சுத்தமான ஒலி பிறக்கும். ஆக்டிவ் பேஸில் வால்யூம் பெரும்பாலும் ப்ரீஆம்ப்புக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடுகிறது. அளவு குறையும், தடை கூடாது. நீங்கள் சொன்ன 'குறைத்தாலும் கரகரப்பு' இதுதான்.

வைத்தியம் சில்லறைக் காசில் முடியும். பேஸுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராக வையுங்கள். 22 கிலோ ஓமில் ஆரம்பிக்கலாம். நான் பரிந்துரைப்பது அதைவிட ஒரு படி மேல்: சின்னத் தகர டப்பா ஒன்று, இரண்டு மோனோ ஜாக், ஒரு 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல். கன்ட்ரோலின் மூன்று காலில் நடுக்காலும் ஒரு ஓரக்காலும் போதும், மூன்றாவதைச் சும்மா விடுங்கள். உள்ளே வரும் ஜாக்கின் நுனியிலிருந்து ஓரக்காலுக்கு, நடுக்காலிலிருந்து வெளியே போகும் ஜாக்கின் நுனிக்கு. எர்த் ஒரு ஜாக்கிலிருந்து இன்னொன்றுக்கு நேராக. டப்பாவும் எர்த்தைத் தொட்டிருக்க வேண்டும், பிளாஸ்டிக் டப்பா வைத்தால் இரைச்சலைக் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி.

இப்போது திறந்த E தந்தியை அடித்துவிட்டு, தடையைப் பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். முதலில் அதே துப்பல். கொஞ்சம் திருப்பியதும் வெடிப்பு அடங்கும். இன்னும் கொஞ்சம் போனால் ஓர் இடத்தில் நோட்டின் வால் திடீரென்று நீண்டு, அறாமல் கரைந்து முடியும். அந்த இடம் ஒவ்வொரு பேஸுக்கும் வேறு. அதைத் தாண்டித் திருப்பினால் ஒலி சோம்பிப்போகும், இரைச்சலும் ஏறும்.

பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோ எதையாவது பிரித்துப் போட்டிருந்தால் அதில் சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைக்கும். அதன் பிரைமரிச் சுருளையும் இந்த ரெசிஸ்டரோடு தொடராகச் சேர்த்து, மறுபக்கச் சுருளைச் சும்மா விட்டுவிட்டால் பிக்அப்பின் இண்டக்டன்ஸும் திரும்பக் கிடைத்துவிடும். மேல்பக்கக் கூர்மை மழுங்கி, கேட்க இதமாக இருக்கும். பக்கத்தில் மின்விசிறி ரெகுலேட்டரோ அடாப்டரோ இருந்தால் ஹம் (உம்மென்ற இரைச்சல்) பிடிக்கும், அதுதான் ஒரே தொல்லை. மேடைக்கு வெறும் ரெசிஸ்டர் போதும் என்பது என் கட்சி.

ஃபஸ்ஸுக்கு முன்னால் ட்யூனர் பெடல் வைத்திருக்கிறீர்களா? பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சுற்று) உள்ள ட்யூனராக இருந்தால் அதுவும் ஆக்டிவ் பேஸ் செய்யும் அதே வேலையைச் செய்யும். ஃபஸ்ஸை முதலில் வையுங்கள், மற்றதெல்லாம் பின்னால்.

அடுத்து ஈக்யூ, அதாவது அடி, நடு, மேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள். ப்ரீஆம்ப்பில் பேஸ் குமிழைத் தூக்கி வைத்துக்கொண்டு ஃபஸ்ஸை மிதிப்பது நம் ஆட்களின் பொதுவான பழக்கம். ஐந்தாவது தந்தியின் B சுமார் 31 ஹெர்ட்ஸ், E தந்தி 41 ஹெர்ட்ஸ். இந்த அடிநாதம் முழு பலத்தோடு உள்ளே போனால் ட்ரான்சிஸ்டருக்கு வேறெதையும் கவனிக்க நேரமிருக்காது. ஈக்யூவை நடுவில் நிறுத்துங்கள், வேண்டுமானால் பேஸ் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள். அடி ஒலி தேவைப்பட்டால் பெடலுக்குப் பின்னால் ஆம்ப்பில் ஏற்றிக்கொள்ளலாம். சுத்த சிக்னலைத் தனியாகப் பிரித்து ஃபஸ்ஸோடு கலக்கும் பிளெண்ட் பெடல் கிடைத்தால் இன்னும் நல்லது, கூட்டத்தில் பேஸ் காணாமல் போகாது. கலந்ததும் ஒலி மெலிந்தால் இரண்டில் ஒன்றின் அலை தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, மதிய ரிகர்சல். சத்துவாச்சாரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வாசிக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். பெடலின் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். ட்ரான்சிஸ்டர் மேல் AC128 என்றோ NKT275 என்றோ இருந்தால் அது ஜெர்மேனியம். BC108, BC183, BC547 என்றெல்லாம் இருந்தால் சிலிக்கான். ஜெர்மேனியத்தில் எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். லண்டன் குளிரில் பிறந்த சுற்று கத்திரி வெயிலில் வேலூருக்கு வந்தால் என்ன ஆகும்? தோட்டப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் அண்ணனிடம் என் பெடலைக் கொடுத்தபோது மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா தம்பி, ஜெர்மேனியத்த மே மாசத்துல எடுத்தாந்துகீற? அந்தக் காலத்து ரேடியோவே வெயில்ல இழுத்து இழுத்துதான் பாடும். ஐப்பசியில வா, தானா சரியாயிடும்" என்றார்.

ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம். மல்டிமீட்டரில் இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டரை (அதன் மூன்று கால்களில் ஒன்று) அளந்து பாருங்கள். பேட்டரியில் பாதி, அதாவது நாலரை வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். காலையில் ஒருமுறை, கூரை கொதிக்கும் மூன்று மணிக்கு ஒருமுறை அளந்தால் அது நகர்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அந்தக் கலெக்டருக்குப் போகும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஒரு 20 கிலோ ஓம் ட்ரிம்மரை (தடையை மாற்றக்கூடிய சின்ன ரெசிஸ்டர்) வைத்தால், சின்ன ஸ்க்ரூடிரைவரால் அன்றைய வெயிலுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம். ஈயம் வைக்கும்போது ஜெர்மேனியத்தின் காலைச் சிமிட்டாவால் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு உள்ளே ஏறினால் பிழைக்காது. இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் சிலிக்கான் பெடலாக மாற்றிவிடலாம். ஒலி கொஞ்சம் முரட்டுத்தனம்தான், ஆனால் பங்குனியிலும் மார்கழியிலும் ஒரே மாதிரி வாசிக்கும். ஜெர்மேனியத்தின் இனிமை பற்றிப் பேசுபவர்களில் பலர் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஜெர்மேனியம் PNP வகையாக இருந்தால் அதில் பாசிட்டிவ்தான் எர்த். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டர் சங்கிலியில் மாட்டினால் ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரி போடுங்கள், ஓரிரு மில்லிஆம்பியர்தான் இழுக்கும், மாதக்கணக்கில் ஓடும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கீச்சென்று ஒலி வந்தால், அதற்கும் இதே பேட்டரிதான் மருந்து.

இத்தனைக்கும் பிறகும் ஒத்துவரவில்லை என்றால், பிக் மஃப் வகைப் பெடல் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். அதன் உள்வாயிலிலேயே 39 கிலோ ஓம் போல ஒரு ரெசிஸ்டர் தொடராக இருப்பதால் ஆக்டிவ் பேஸோடு சண்டை போடாது. நடு ஒலி பள்ளமாகத்தான் இருக்கும், அதை ஆம்ப்பில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

மூடியைத் திறந்ததும் ட்ரான்சிஸ்டர் நம்பரையும், கலெக்டரில் காலையிலும் மதியமும் எத்தனை வோல்ட் காட்டியது என்பதையும் எழுதுங்கள். ட்ரிம்மர் தேவையா, வெறும் ரெசிஸ்டர் டப்பாவே போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.