கேம்பர்வேன்ல நியூசிலாந்தோட தெற்குத் தீவு: ஏழு நாள்ல எவ்வளவு போகலாம்?

தம்பி, கிறைஸ்ட்சர்ச்சுக்கு வேலைக்கு வந்து சில மாசம் ஆகுது, கூடத் தங்கியிருக்கற நண்பரோட பிப்ரவரில ஒரு கேம்பர்வேன் (உள்ளயே சமைச்சுத் தூங்கற வேன்) வாடகைக்கு எடுத்து ஏழு நாள்ல டெகாப்போ, மவுண்ட் குக், வானகா, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட், அப்புறம் வெஸ்ட் கோஸ்ட் வழியா பனியாறு ரெண்டையும் பாத்துட்டு ஆர்தர்ஸ் பாஸ்ங்கற மலைவழில திரும்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க. திரும்பிடலாம். ஆனா ஊருக்கு ஃபோன் பண்ணி அம்மாகிட்ட என்ன பாத்தேன்னு சொல்றதுக்கு ரோடு மட்டும்தான் இருக்கும்.

மேப்ல பாத்தா எல்லாம் பக்கத்துல பக்கத்துல தெரியும். மில்ஃபோர்டையே எடுத்துக்கோங்க, அது முட்டுச்சந்து. குயின்ஸ்டவுன்ல இருந்து டி அனாவ்ங்கற ஊர் 170 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு 120, பாத்துட்டு அதே ரோட்ல திரும்பி வரணும். இடையில ஹோமர் டனல்னு 1954ல திறந்த ஒன்னு, 1.2 கிலோமீட்டர் நீளம், பாறையைக் குடைஞ்சு சரிவா இறக்கியிருக்காங்க, போகவே ஆசையாத்தான் இருக்கும். ஆனா மழை புடிச்சுக்கிச்சுன்னா நாள் போச்சு, அங்க மழை புடிக்காத நாள்தான் கம்மி. என் கருத்து என்னன்னா இந்த ட்ரிப்ல மில்ஃபோர்டையும் வெஸ்ட் கோஸ்ட்டையும் விட்டுடுங்க. நீங்க இங்கதானே இருக்கப் போறீங்க, இந்தியாவுல இருந்து பத்து நாள் லீவுல வந்தவங்க மாதிரி எதுக்கு அவசரம்?

ஏழு நாளையும் ஏரிப் பக்கமே செலவு பண்ணுங்க. கிறைஸ்ட்சர்ச்ல காலையில கெளம்புனா ஜெரால்டின், ஃபேர்லி தாண்டி பர்க்ஸ் பாஸ் ஏறினதும் அதுவரைக்கும் பச்சையா இருந்த நிலம் அப்படியே பழுப்பாயிடும், அதுதான் மெக்கன்சி. மூணு மணி நேரத்துல டெகாப்போ ஏரி. கரையில 1935ல கட்டின சின்னக் கல் சர்ச், அதைச் சுத்தி எப்பவும் கூட்டம், ஒரு ஃபோட்டோ போதும். லூப்பின் பூ ஊதாவும் ரோஸுமா பூத்திருக்கற படம் பாத்து ஆசைப்பட்டிருப்பீங்க, அது நவம்பர் கடைசி, டிசம்பர்லதான், பிப்ரவரில காய்ஞ்ச குச்சிதான் இருக்கும். (அது இந்த ஊர்ச் செடியே இல்ல, ஆத்துப் படுகைல கூடு கட்டற பறவைங்க எடத்தைப் புடிச்சுக்குதுன்னு இங்க ரொம்பப் பேர் திட்டுவாங்க.)

டெகாப்போவுக்கு ராத்திரிதான் மவுசு. 2012ல இருந்து இந்தப் பகுதி வானத்தைப் பாதுகாக்கப்பட்ட இருட்டுன்னு அறிவிச்சிருக்காங்க, 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேல, தெரு விளக்கெல்லாம் கீழ பாத்தாப்ல மூடி போட்டுத்தான் இருக்கும். நம்மூர்ல தெற்குல அடிவானத்தை ஒட்டித் தெரியற திரிசங்கு இங்க நல்லா உச்சிக்கு ஏறி நிக்கும். நெலா இல்லாத வாரமாப் பாத்து வேன் புக் பண்ணுங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பௌர்ணமில போனா பாதி நட்சத்திரம் காணாது.

அடுத்து புக்காக்கி ஏரி. பச்சரிசி மாவைத் தண்ணில கரைச்சு அதுல நீலம் போட்ட மாதிரி ஒரு கலர். பனியாறு நகரும்போது பாறையை அரைச்சு அரைச்சு விடற தூள் தண்ணில மிதக்கறதால வெயில் பட்டா அப்படித் தெரியுது. அந்த ஏரியை ஒட்டியே ஹைவே 80 நேரா மவுண்ட் குக் அடிவாரத்துக்குப் போகும், 3,724 மீட்டர் மலை, மேகம் இல்லைன்னா ரொம்பத் தூரத்துல இருந்தே எதிர்ல நிக்கும். மேகம் இருந்தா மலையே இல்லாத மாதிரி இருக்கும், அதனால அங்க ரெண்டு ராத்திரி வச்சுக்கோங்க. ஒயிட் ஹார்ஸ் ஹில்னு டாக் கேம்ப் இருக்கு, டாக்னா இங்கத்த இயற்கைப் பாதுகாப்புத் துறை, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஹூக்கர் வேலி நடை அங்கேயேதான் ஆரம்பிக்குது, போய்வர 10 கிலோமீட்டர், பெரிய ஏத்தம் கிடையாது, முடியற எடத்துல ஐஸ்கட்டி மிதக்கற ஏரி. தொங்குபால வேலைன்னு சில சமயம் பாதையை மூடியிருப்பாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி டாக் வெப்சைட்ல பாத்துக்கோங்க. மளிகை, டீசல் எல்லாம் டெகாப்போலயோ டுவைசல்லயோ முடிச்சுட்டுப் போங்க, மேல சூப்பர்மார்க்கெட் கிடையாது. டுவைசல் பக்கம் கால்வாய்ல சால்மன் வளர்க்கறாங்க, மீன் சாப்பிடறவங்கன்னா வாங்கிட்டு வந்து மஞ்சத்தூள் மொளகாத்தூள் தடவி வேன்ல வறுங்க, ஆனா கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து வச்சுட்டு, இல்லைன்னா படுக்கைல மீன் வாடை ஏழு நாளும் கூடவே வரும்.

சாப்பாடுன்னதும் முக்கியமான ஒன்னு. ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போகாதீங்க. ஹாலிடே பார்க்ல, அதாவது காசு குடுத்துத் தங்கற கேம்ப்ல, கரெண்ட் இருக்கற எடமா (பவர் சைட்) எடுத்து ஒயர் மாட்டினாத்தான் வேன்ல இருக்கற ப்ளக் வேலை செய்யும், மத்த எடத்துல ஃபிரிட்ஜும் லைட்டும் மட்டும் பேட்டரில ஓடும். கேஸ் அடுப்பு இருக்கும், சின்ன பிரஷர் குக்கர் ஒன்னு போதும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டு போனா பாதி வேலை முடிஞ்சுது.

வேன் எடுக்கும்போது உள்ள டாய்லெட் நிரந்தரமாப் பொருத்தினதா, டாய்லெட், தண்ணி எல்லாம் வேனுக்குள்ளயே இருக்குன்னு சான்று சொல்ற பச்சை ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. 2023ல சட்டம் மாத்தினதுல இருந்து காசில்லாம ரோட்டோரத்துல தங்கறதுன்னா கவுன்சில் (நம்மூர் நகராட்சி மாதிரி) எடத்துல பெரும்பாலும் அந்த ஸ்டிக்கர் கேப்பாங்க, அதுவும் எந்த எடத்துல தங்கலாம்னு கவுன்சில் போர்டு சொல்லும், ஏரிக்கரை அழகா இருக்குன்னு நிறுத்திட்டுத் தூங்கிட்டா காலையில கண்ணாடில 400 டாலர் ஃபைன் ஒட்டியிருக்க வாய்ப்பிருக்கு. அந்த டாய்லெட் பொட்டியை யாரு கொட்டறதுன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே நண்பர்கிட்ட பேசிடுங்க. சிரிக்காதீங்க, நான் பாத்தவரைக்கும் பணத்தால சண்டை வந்ததை விட இதுல வந்ததுதான் ஜாஸ்தி. அப்புறம் படுக்கை, தெனம் ராத்திரி டேபிளை மடக்கிப் பலகை போட்டு மெத்தை விரிக்கணும், ஒருத்தர் தூங்கணும்னா இன்னொருத்தரும் படுத்தாகணும். குறட்டை விடறவர்னா காதுல அடைக்க ஏதாவது வாங்கிக்கோங்க.

ஓட்டறது பத்தி. நம்ம லைசென்ஸ் இங்கிலீஷ்ல அச்சாகியிருந்தா மொழிபெயர்ப்பு தேவையில்ல, இடதுபக்கம் ஓட்டறதும் நமக்குப் பழக்கம். ரெண்டு பேரும் ஓட்டறதா இருந்தா ரெண்டு பேர் பேரும் கான்ட்ராக்ட்ல இருக்கணும், இல்லைன்னா இன்சூரன்ஸ் கை விரிச்சுடும். ஒத்தைப் பாலம் நெறைய வரும், போர்டுல உங்க பக்கத்து அம்பு சின்னதா செவப்பா இருந்தா நீங்கதான் நிக்கணும். பின்னாடி நாலு வண்டி சேந்துடுச்சுன்னா எடம் கெடைச்ச எடத்துல ஒதுங்கி வழி விடுங்க, இங்க அது மரியாதை, சட்டமும் கூட. வானகாவுல இருந்து குயின்ஸ்டவுனுக்கு கிரவுன் ரேஞ்ச் வழி குறுக்கால போகும், 1,076 மீட்டர் ஏறி எறங்கணும், பெரிய வேன்னா குரோம்வெல் சுத்திப் போறதுதான் நிம்மதி. சில கம்பெனி அந்த ரோட்டையே கான்ட்ராக்ட்ல தடை பண்ணியிருக்கும், படிச்சுப் பாருங்க. காத்து அடிக்கற எடத்துல கதவைக் கைல புடிச்சுட்டே தொறங்க. மவுண்ட் குக் பக்கத்து டாஸ்மன் பள்ளத்தாக்குக் காத்து கதவைப் பின்னாடி மடக்கிட்டுப் போயிடும், அந்தச் செலவு உங்க தலையில.

திரும்பும்போது வந்த வழியே வராம ஓமராமால இருந்து ஹைவே 83 புடிங்க. பென்மோர், ஏவிமோர், வைட்டாக்கின்னு கரெண்ட் எடுக்க அணை கட்டி உருவான மூணு ஏரி வரிசையா வரும், டூரிஸ்ட் கூட்டம் குயின்ஸ்டவுன் மாதிரி இருக்காது, ஏவிமோர்ல தண்ணிக்கு ஒட்டியே கேம்ப் எடம் இருக்கு. நான் இப்பல்லாம் இங்க வந்துட்டுத்தான் திரும்பறது, குயின்ஸ்டவுன்ல பார்க்கிங் தேடற நேரத்துல இங்க டீ போட்டுக் குடிச்சிடலாம். அந்த ரோடு ஓமாருவுக்குப் பக்கத்துல கடலைத் தொடும், அங்க இருட்டினதும் கரையேறற சின்ன நீலப் பெங்குவினைப் பாத்துட்டு மறுநாள் வீட்டுக்கு.

பிப்ரவரி 6 வைட்டாங்கி டே, இங்க அரசு விடுமுறை, அது சனி ஞாயிறு பக்கத்துல விழுந்தா கேம்ப் எல்லாம் ஃபுல், அதைத் தள்ளி அடுத்த வாரம் வைங்க. டீசல் வேன்னா பெட்ரோல் பங்க்ல குடுத்தது போக ஓடின கிலோமீட்டருக்கு ரோடு வரின்னு தனியா ஒன்னு கடைசில பில்லுல வரும், அதைப் பாத்து ஏமாத்திட்டாங்கன்னு கவுன்ட்டர்ல சத்தம் போட வேண்டாம். அழுக்குத் தண்ணித் தொட்டி, டாய்லெட் ரெண்டையும் கழிவு கொட்டறதுக்குன்னே இருக்கற டம்ப் ஸ்டேஷன்ல கொட்டி, எரிபொருள் டேங்க் ரொப்பிக் குடுங்க. எந்த வேன்னு முடிவு பண்ணினதும் அதோட நீளத்தையும் டாய்லெட் விவரத்தையும் போடுங்க, எங்கெங்க தங்கலாம்னு அதை வச்சு சொல்றேன்.