கடலூருக்கு எந்த ஸ்விஃப்ட்: குறைவாக ஓடிய பழைய மாடலா, அதிகம் ஓடிய புதிய மாடலா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஐயா, முழங்கால் வலியுள்ள அம்மாவை மாதம் இரண்டு முறை பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மனைவி, மகளோடு வெளியூர் போகவும் ஒரு பழைய கார் தேடுகிறேன். இரண்டு மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டிகள் வந்திருக்கின்றன. ஒன்று 2016 வி.எக்ஸ்.ஐ. (நடுத்தர வேரியன்ட்), டி.என்.31 (கடலூர் பதிவு), ஒரே ஓனர், 48,000 கி.மீ., விலை 3.60 லட்சம். இன்னொன்று 2018 புது மாடல் வி.எக்ஸ்.ஐ., பி.ஒய்.01 (புதுச்சேரி பதிவு), இரண்டாவது ஓனர், 71,000 கி.மீ., விலை 4.35 லட்சம். எதை எடுப்பது?"

மாடல் மாறிவிட்டால் எல்லாமே மாறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த இரண்டு வண்டிகளிலும் பானெட்டைத் திறந்தால் இருப்பது ஒரே குடும்பத்து இன்ஜின்தான். 1197 சி.சி., நான்கு சிலிண்டர், கே சீரிஸ். ஸ்விஃப்டில் அந்த இன்ஜின் மாறி டூயல்ஜெட் என்ற புது இன்ஜின் வந்தது 2021 பிப்ரவரியில். ஆகவே இன்ஜினை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் ஊர் மெக்கானிக்குக்கு இரண்டும் பழகிய வண்டிகள். 71,000 என்ற எண்ணைக் கண்டும் பயப்பட வேண்டாம். இன்ஜினுக்குள் இருப்பது, குறிப்பிட்ட ஓட்டத்துக்குப் பிறகு மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் 23,000 கி.மீ. வித்தியாசம் இந்த இன்ஜினுக்குப் பெரிய விஷயமே இல்லை. கிளட்ச், லோயர் ஆர்ம் புஷ் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையில் உள்ள ரப்பர்), ஷாக் அப்சார்பர் இவற்றில்தான் அந்த ஓட்டம் தெரியும். அந்தச் செலவை விலையில் பேசிக் குறைத்துக்கொள்ளலாம்.

மாறியது பாடியும் அதன் அடித்தளமும். 2018 பிப்ரவரியில் வந்த மூன்றாம் தலைமுறையில் எடை 80 கிலோவுக்கு மேல் குறைந்தது. கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 20.4 கி.மீ.யிலிருந்து 22 ஆனது. டிக்கி 204 லிட்டரிலிருந்து 268 லிட்டராகப் பெரிதானது. அம்மாவுக்கு வாக்கர் எடுத்துப்போகும் நாள் வந்தால் இந்த 64 லிட்டரின் அருமை தெரியும். பழைய ஸ்விஃப்ட் டிக்கியில் இரண்டு பை வைத்தாலே மூட சிரமப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழையதற்கும் ஒரு சாதகம் உண்டு. தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி அதில் 170 மி.மீ., புதியதில் 163.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் ஏர்பேக். 2018 மாடலில் கீழ் வேரியன்ட் முதற்கொண்டு இரண்டு ஏர்பேக்கும், திடீரென அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயமாகவே வந்தன. 2016 வண்டியில் அப்படியில்லை. சாதாரண வி.எக்ஸ்.ஐ. என்றால் ஏர்பேக் இருக்காது. கூடுதல் காசு கொடுத்து வாங்கிய 'ஓ' வேரியன்ட் என்றால் இருக்கும். விற்பவர் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள். ஸ்டியரிங்கின் நடுவில் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று பொறித்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், எரிந்தபடியே இருந்தாலும் கோளாறுதான். பழுதை மறைக்க பல்பைக் கழற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

"புது மாடல் தகரம் மாதிரி இருக்கிறது, பழசுதான் கெட்டி" என்று கதவைத் தட்டிக் காட்டிச் சொல்வார்கள். கதவுச் சத்தத்தை வைத்து விபத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து வரை நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் ஏர்பேக் இல்லாத பழைய ஸ்விஃப்டை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதிச் சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். 2018இல் இரண்டு ஏர்பேக் உள்ள புதிய ஸ்விஃப்டுக்குக் கிடைத்தது 2. இரண்டு நட்சத்திரத்தைப் பெரிதாகக் கொண்டாட முடியாதுதான். ஆனாலும் நீங்கள் போகப்போவது கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் பாண்டி போகும் சாலை. பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று முந்தும் அந்தச் சாலையில், உங்கள் குடும்பத்தை ஏர்பேக் இல்லாத வண்டியில் உட்காரவைக்க என் மனம் ஒப்பவில்லை.

புது மாடலின் முதல் வருஷத்து வண்டிக்கென்று ஒரு கவனமும் தேவை. 2017 டிசம்பர் 1 முதல் 2018 மார்ச் 16 வரை தயாரான புதிய ஸ்விஃப்ட், பலேனோ வண்டிகளில் 52,686ஐ பிரேக்கை லேசாக அழுத்த உதவும் வேக்குவம் ஹோஸ் என்ற குழாயைச் சரிபார்க்க மாருதி திரும்ப அழைத்தது. அதே 2018 மே 7 முதல் ஜூலை 5 வரை தயாரானவற்றில் ஒரு சிறு பகுதியை ஏர்பேக் கன்ட்ரோலருக்காக அழைத்தது. மாருதி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் உங்கள் வண்டி இதில் வருகிறதா, வேலை முடிந்ததா என்று பார்த்துச் சொல்வார்கள். ஆர்.சி.யில் பதிவான தேதியை மட்டும் பார்க்காமல் தயாரான மாதத்தையும் பாருங்கள். 2017இல் தயாராகி 2018இல் பதிவான பழைய மாடலையும் '2018 வண்டி' என்றே விற்பார்கள். பின் கதவின் கைப்பிடி ஜன்னலை ஒட்டிக் கறுப்புப் பகுதிக்குள் மறைந்திருந்தால் அது புதிய மாடல்.

அடுத்தது பி.ஒய். நம்பர். புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் அந்த வண்டிகளின் விலை நம் கண்ணுக்குக் கம்மியாகத் தெரியும். நீங்கள் கடலூரில் வசிக்கிறவர். வேறு மாநிலத்துப் பதிவுள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே புதிய எண் வாங்கியாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குப் புதுச்சேரியிலிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30. லோன் பாக்கி இருந்தது என்றால் பேங்க் தரும் படிவம் 35. இதற்கெல்லாம் மேல் தமிழ்நாட்டு ஆயுட்கால வரி. வண்டியின் வயதையும் விலையையும் வைத்து அதைக் கணக்கிடுவார்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் 75,000 ரூபாய். வரியும் சேர்ந்தால் அது இன்னும் ஏறும். "பாண்டி அட்ரஸ் ஒன்று போட்டுக்கொள்ளலாம்" என்று புரோக்கர் சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாளைக்கு விபத்து, இன்சூரன்ஸ் என்று வரும்போது அந்தப் பொய் முகவரியோடு அல்லாடப்போவது நீங்கள்.

கடைசியாக, நம் பக்கத்தில் எந்த மாடலாக இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டியது தண்ணீரும் உப்புக்காற்றும். உங்கள் இரண்டு வண்டிகளும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்தவை, அந்தக் கவலை இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கமும் கடலூர் ஓரத்துக் குடியிருப்புகளும் மூழ்கின. அந்த வாரம் இந்த வண்டிகள் எங்கே நின்றன என்று இரண்டு ஓனரிடமும் நேராகக் கேளுங்கள். புயலுக்குச் சில மாதம் கழித்து ஒரு குடும்பம் என்னிடம் சோதிக்கக் கொண்டுவந்த காரில் கார்பெட் புத்தம் புதிது, சீட் கவரும் புதிது. முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது அடியில் சேற்றுக் கோடு தெரிந்தது. பெல்ட்டை மாற்ற மறந்திருந்தார்கள். நீங்களும் நான்கு பெல்ட்டையும் முழுசாக இழுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள், சீட் தண்டவாளத்தின் அடியில் விரல் விட்டுத் துரு தடவுகிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியின் பின்களில் பச்சைப் பூத்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

காகிதத்திலும் இது தெரியும். 2024 டிசம்பருக்குப் பின் உள்ள சர்வீஸ் பில்களில் வயரிங், இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), கார்பெட் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாமல் போனால் வருஷத்துக்கு வருஷம் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். 2016 வண்டிக்கு ஒரே ஓனர் என்பதால், இந்நேரம் 50 இல்லையென்றால் ஏன் என்று கேட்கலாம். 2018 வண்டிக்கு இரண்டாவது ஓனர் வாங்கிய தேதியிலிருந்துதான் கணக்கு, ஏனென்றால் அந்த போனஸ் வண்டியோடு போகாது, ஆளோடு போகும். பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். கடற்கரையோரம் நின்ற வண்டி என்றால் சைலன்சர், பிரேக் பைப், கதவுகளின் கீழ் விளிம்பு இங்கெல்லாம் துரு தெரியும். மேலாகப் படிந்த செந்துருவைப் பற்றிக் கவலையில்லை. திருப்புளியால் குத்தினால் உதிர்கிற துரு வேறு விஷயம்.

என் தீர்ப்பு இது. அடிப்பாகம் சுத்தமாக இருந்து, வரியோடு சேர்த்த மொத்தத் தொகை உங்கள் கைக்கு அடங்கினால் 2018 வண்டியை எடுங்கள். அது தேறவில்லை, ஆனால் 2016 வண்டியில் ஏர்பேக் இருக்கிறது என்றால் அதைத் தயங்காமல் எடுக்கலாம். ஒரே ஓனர், உள்ளூர் நம்பர், 2031 வரை ஆர்.சி. செல்லுபடி, அலைச்சல் கிடையாது. 2018 தேறாமல், 2016இல் ஏர்பேக்கும் இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட்டு இன்னும் இரண்டு மாதம் தேடுங்கள். இந்த மாடல்கள் நம் ஊரில் வந்துகொண்டேதான் இருக்கும்.

எதை எடுப்பதாக இருந்தாலும், பேசி முடிக்கும் முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டிலும் முன் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஸ்விஃப்டில் சீட் தாழ்வு. முழங்கால் வலிக்காரர்களுக்கு உட்காருவதைவிட எழுந்து இறங்குவதுதான் கஷ்டம். இரண்டிலுமே சிரமப்படுகிறார் என்றால், அதே பணத்துக்கு சீட் உயரமான வேகன் ஆர் ஒன்றைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.