மஞ்சளை விட்டு நீலத்துக்கு மாறினால் மிச்சம் வருமா?

கேள்வி: அக்கா, நாங்கள் மஞ்சள் சிலிண்டரில் வரும் லாப்ஸ் கேஸ் பாவிக்கிறோம். நீலச் சிலிண்டர் லிட்ரோ 400 ரூபாய் போல குறைவு, மாறுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். புதுச் சிலிண்டர், ரெகுலேட்டர், ஹோஸ் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் முடியும் என்று கடையில் சொன்னார்கள். கிழமை லோன் எடுத்து மாற்றலாமா? நான் விடியக்காலை இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். அதனால் 12.5 கிலோ சிலிண்டர் ஒரு மாதம்தான் வருகிறது.
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, லோன் எடுத்து மாற்ற வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், நீங்களும் ஒருக்கா எழுதிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டார் சொன்னது பொய் இல்லை. 2025 ஏப்ரலில் லாப்ஸ் தன் 12.5 கிலோ சிலிண்டரின் விலையை 420 ரூபாயால் கூட்டி 4,100 ஆக்கியது. லிட்ரோ அப்போது 3,690 ரூபாயில் நின்றது. இவை கொழும்பு விலைகள். ஏற்றுக்கூலி சேர்வதால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இரண்டுமே அதைவிடக் கூட. கொழும்பு விலைப்படி வித்தியாசம் அப்போது 410 ரூபாய்.

மாதம் ஒரு சிலிண்டர் என்றால் வருடத்துக்கு 12 சிலிண்டர். 410 ரூபாய்ப்படி 4,920 ரூபாய் மிச்சம். மாறுவதற்குச் செலவு 14,000. போட்ட காசு திரும்பி வரவே மூன்று வருடம் போல எடுக்கும். அதுவும் வட்டி இல்லாத கணக்கு. கிழமைக்குக் கிழமை கட்டுகிற லோனுக்கு வட்டியையும் சேர்த்தால் அந்த மிச்சம் லோன்காரருக்குத்தான் போகும். நம் பகுதிப் பெண்கள் இந்த நுண்கடன்களால் எவ்வளவு பட்டுவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு சிலிண்டருக்காக அந்த வாசலுக்குப் போகவே வேண்டாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த ஏப்ரல் விலையேற்றத்துக்கு முன் லாப்ஸ் 3,680 ரூபாய், அதாவது லிட்ரோவைவிட 10 ரூபாய் குறைவு. இன்று மலிவான கம்பெனி மூன்று வருடத்துக்கு மலிவாகவே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாட்டை எடுத்தபோது, 1,493 ரூபாய்க்கு வாங்கிய லிட்ரோ சிலிண்டர் ஒரே அடியில் 2,500 ரூபாயைத் தாண்டியதையும் பார்த்தோம்.

சிலிண்டரை மட்டும் மாற்றி, உள்ள ரெகுலேட்டரைப் பாவிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மஞ்சள் சிலிண்டரின் ரெகுலேட்டர் நீலச் சிலிண்டருக்குப் பொருந்தாது. கொழுவியோ துணி சுற்றியோ சமாளிக்கிற விஷயம் இல்லை இது. கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும்.

அப்போ மிச்சம் எங்கே இருக்கிறது? உங்கள் இடியப்பப் பானையில் இருக்கிறது. சிலிண்டரில் பெரும் பங்கைத் தின்பது அந்த விடியக்காலை வேலைதான். அதை விறகடுப்புக்கு மாற்றிவிட்டு, தேத்தண்ணிக்கும் கறிக்கும் மட்டும் கேஸை வைத்தால் ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும் என்று வைப்போம். வருடத்துக்கு 12 என்பது 8 ஆகிவிடும். நான்கு சிலிண்டர் குறைந்தால், கொழும்பு விலையில் பார்த்தாலே 16,400 ரூபாய். கம்பெனி மாறிக் கிடைக்கிற 4,920 எங்கே, இது எங்கே!

களுவாஞ்சிக்குடிப் பக்கம் சிரட்டைக்கும் பொச்சுமட்டைக்கும் பாளைக்கும் பஞ்சம் இல்லை. விறகு காசுக்கு வாங்க வேண்டி வந்தால் அந்தச் செலவை இந்த 16,400 இல் கழித்துப் பாருங்கள். ஆனால் புகை உங்கள் நெஞ்சுக்குக் கூடாது. வீட்டுக்குள் மூட்டாமல் வெளியே ஒரு தாழ்வாரம் இறக்கி அடுப்பை வையுங்கள், பிள்ளைகள் படுக்கிற பக்கம் காற்று புகையைக் கொண்டுபோகாத மாதிரி.

அடை மழைக்காலத்தில் மறுபடி கேஸில் அவிக்க வேண்டி வரும்தான். அப்போது தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும் நெருப்பைக் குறையுங்கள். கொதிக்கிற தண்ணீருக்கு எவ்வளவு நெருப்பு வைத்தாலும் அதன் சூடு கூடாது, கேஸ்தான் போகும். மூடி இறுக்கமாக இருந்தால் போதும், தட்டுகள் அவிந்துவிடும். பானையின் அடி கரி பிடிக்கிறதா, நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறதா? பேர்னரின் ஓட்டைகளில் கஞ்சியும் மாவும் அடைத்திருக்கும். கழற்றி, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

மாறியே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களும் வீடு மாறுகிறவர்களும் நீலச் சிலிண்டரை ரெகுலேட்டரோடு குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அப்படி 5,000 ரூபாய்க்குள் கிடைத்தால், கையில் காசும் இருந்தால், மாறலாம். வாங்குமுன் நெளிவு, துரு பாருங்கள். நீங்கள் கேஸ் எடுக்கப்போகிற கடையில் காட்டி, இதை மாற்றித் தருவீர்களா என்று கேட்ட பிறகு காசு கொடுங்கள். ஹோஸை மட்டும் எப்போதும் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: 12.5 கிலோவுக்கு ஒரே தடவையில் காசு சேர்வதில்லை. 5 கிலோ சிலிண்டர் வாங்கினால் நட்டம் என்கிறார்களே, உண்மையா?
வாசகர், வாழைச்சேனை

பதில்: நட்டம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மேலே சொன்ன அதே காலத்து லிட்ரோ விலையை எடுங்கள். 12.5 கிலோ 3,690 ரூபாய் என்றால் கிலோ 295 ரூபாய் 20 சதம். 5 கிலோ 1,482 ரூபாய் என்றால் கிலோ 296 ரூபாய் 40 சதம். கிலோவுக்கு 1 ரூபாய் 20 சதம்தான் கூட. 2.3 கிலோவின் விலை 694, அது கிலோவுக்கு 302 ரூபாய் போல வருகிறது. நாட்கூலிக்காரருக்கு 5 கிலோதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். கைமாற்று வாங்காமல் கேஸ் எடுக்கலாம்.

உண்மையான நட்டம் ஆட்டோவில்தான். 12.5 கிலோவுக்கு ஒரு தடவை போகிற இடத்தில் 5 கிலோவுக்கு இரண்டரைத் தடவை போக வேண்டும். சைக்கிளில் கொண்டுவர முடிந்தால் சரி. ஒவ்வொரு தடவையும் 300 ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்தால் கிலோக் கணக்கு எல்லாம் அடிபட்டுப் போகும்.

கேள்வி: எங்கள் ஊர்க்கடையில் சிலிண்டருக்கு விலையைவிட 250 ரூபாய் கூட எடுக்கிறார்கள். கேட்டால் ஆற்றைக் கடந்து கொண்டுவருகிற கூலி என்கிறார்கள். கேஸும் குறைவாக இருக்கிற மாதிரி ஒரு சந்தேகம்.
வாசகி, வவுணதீவு

பதில்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற படுவான்கரைக்குச் சாமான் வந்து சேர்வது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கடையில் வைத்து விற்கும்போது அதிகபட்ச சில்லறை விலையைத் தாண்டி எடுக்கக் கூடாது. உங்கள் வீட்டு வாசலில் இறக்கித் தருவதற்குக் கூலி கேட்டால் அது வேறு கதை. அப்போதும் பில்லில் கேஸ் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பகுதிக்குரிய விலையை லிட்ரோவின் 1311 இலக்கத்தில் கேட்கலாம். கூட எடுத்தால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 இல் முறையிடலாம். இதற்கென்றே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பில் கையில் இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும். அதனால் பில் இல்லாமல் சிலிண்டரைத் தூக்காதீர்கள்.

நிறைக்குச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். சிலிண்டரில் அதன் வெறும் நிறை குறித்திருக்கும். அதோடு 12.5 ஐக் கூட்டுங்கள், தராசு அந்த எண்ணைக் காட்ட வேண்டும். கடையில் தராசு இல்லை என்றால் நெல் நிறுக்கிற தராசு படுவான்கரையில் எந்த ஊரில் இல்லை? சீல் உடைக்குமுன் நிறுங்கள். உடைத்த பிறகு நீங்கள் சொல்வது எடுபடாது.

கேள்வி: கேஸை மிச்சம் பிடிக்கச் சோற்றை ரைஸ் குக்கருக்கு மாற்றலாமா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதலில் கரண்ட் பில்லை எடுத்து எத்தனை யூனிட் என்று பாருங்கள். 700 வாட் குக்கர் அரை மணித்தியாலம் ஓடினால் 0.35 யூனிட். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் மாதம் 10 யூனிட் போல கூடும். நீங்கள் இப்போது 40 யூனிட்டில் இருந்தால் தாராளமாக மாறலாம். 55 இல் இருந்தால் வேண்டாம். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை போடுவார்கள், நிலையான கட்டணமும் ஏறும். சோற்றில் பிடித்த கேஸ் மிச்சம் அந்த ஒரு பில்லோடு போய்விடும்.